முறை வைக்கிற அத்தை

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் அத்தை செய்கிற முதல் காரியம், பக்கத்தில் இருப்பவர் தனக்கு என்ன முறை ஆக வேண்டும் என்று முடிவு செய்வது. ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்குகிற ஷேர் ஜீப்பில் எப்போதும் ஆள் மேல் ஆள்தான். மற்றவர்கள் காலை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்து, "எந்த ஊருங்க? இன்னா ஜோலியா வந்தீங்க?" என்று தொடங்கிவிடுவார். மலையில் இது அதிசயமில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் எந்த நாடு, அதாவது மலையில் எந்த ஊர்க்கூட்டம், எந்த வகையறா என்று கேட்டு, பங்காளியா மாமன் மச்சானா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சே நகரும். முறை தெரியாத ஆளைக் கிண்டல் செய்யலாமா, அவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டுமா என்று எங்களுக்குப் புரியாது. அத்தை அந்த வழக்கத்தை மலையோடு நிறுத்தாமல் கீழ்நாட்டுக்காரர்கள் மேலும் ஏற்றினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

செல்போன் டவரில் ஏதோ பழுது பார்க்க வந்த ஒருவரிடம் அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"உங்களுக்கு வயசு இன்னா ஆவுதுங்க?"

"அம்பது தாண்டிடுச்சும்மா."

"அப்போ எனக்கு அண்ணன் முறை ஆவணும் நீங்க. அண்ணே, நல்லா சாஞ்சு குந்துங்க. நான் இப்படி ஒதுங்கிக்கிறேன்."

அந்த மனிதர் சிரித்தார். ஜீப் பயணத்தில் பேசுகிற பேச்சு ஜீப்போடு போய்விடும் என்று நினைத்திருப்பார், பாவம். அடுத்த முறை அவர் டவருக்கு வந்தபோது அத்தை ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு மேடேறிப் போய் நின்றார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ரசத்துக்குக் கொள்ளு கொடுத்தனுப்பினார். அத்தையின் அகராதியில் முறை என்று ஒன்றை வாயால் சொல்லிவிட்டால் அதன்படி நடக்க வேண்டும். மாற்றிச் சொல்வதற்கு இடமே கிடையாது.

அவர் என் அப்பாவோடு கூடப் பிறந்தவர். நெல்லிவாசல்நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை. கணவர் செத்த பிறகு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, அப்பாவின் நிலத்தில் சாமை விதைத்து, புளிய மரங்களைப் பார்த்துக்கொண்டார். என் அம்மா எந்நேரமும் காட்டு வேலையில் இருந்ததால் எனக்குத் தலை வாரியதும் சோறு ஊட்டியதும் பள்ளிக்கூட விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் நின்று அழுததும் அத்தைதான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போனில் இருந்த பெயர்களைப் பார்த்தால் ஏதோ கட்சிக்காரர் போன் என்று தோன்றும். பெயர்களை அடித்துக் கொடுத்தது நான்தான். அண்ணன் டவர், அண்ணன் புளி மண்டி, தம்பி நர்சரி கணியம்பாடி, தங்கச்சி ஆசுபத்திரி போளூர், தம்பி மூட்டை. சொந்தப் பெயர் சொல்லு அத்தே என்றால், "பேரு எதுக்கு? பேரு சொல்லிக் கூப்புட்டா மரியாத இல்ல" என்பார். முறையையும் யோசித்துத்தான் வைப்பார். எவரையும் அவர் மாமன் என்று சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "மாமன்னா கிண்டலு பண்ணுவான். அண்ணன்னா செய்வான்" என்றார்.

செய்யவும் செய்தார்கள், அதுதான் ஆச்சரியம். டவர் அண்ணன் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கேபிள் இழுக்கிற வேலைக்குக் கூட்டிப்போனார். போளூர் ஆஸ்பத்திரித் தங்கச்சி, புருஷனைப் பறிகொடுத்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தார். எங்கள் மலைத்தேனும் கடுக்காயும் கணியம்பாடி நர்சரித் தம்பி வழியாக எங்கெங்கோ போயின. இத்தனைக்கும் அத்தை, முறை வைத்த அன்றைக்கு எதையும் கேட்கமாட்டார். ஒரு பலாப் பருவமாவது போக வேண்டும். அதற்குள் அவர் இரண்டு தடவையாவது அங்கே ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். பிறகுதான், அதுவும் கிளம்புகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணே, எங்க ஊர்ல ஒரு புள்ள சும்மா குந்தினு கீது" என்று ஆரம்பிப்பார்.

நான் பி.காம். கடைசி வருடம் படித்தபோது கல்லூரிக்கு ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து பேசினார். வேலைகளில் பாதி விளம்பரத்துக்கே வருவதில்லை, தெரிந்தவர்கள் மூலமாகத்தான் நிரம்புகின்றன, உங்கள் வட்டத்தைப் பெரிதாக்குங்கள் என்றார். நான் மரியாதையாகக் குறித்துக்கொண்டு, அவர் சொன்ன தளத்தில் கணக்குத் திறந்தேன். என் வட்டத்தில் என் வகுப்புத் தோழிகள் எல்லோரும் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வேலை தேவைப்பட்டது. அந்த மனிதர் சொன்னதை மேடை இல்லாமல் மைக் இல்லாமல் செய்துகொண்டிருந்த ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். எனக்கு அவரோடு வெளியே போவதே கூச்சமாக இருந்தது.

கூச்சம் என்றால் சும்மா இல்லை. பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவில், முன்னால் நிற்கிற சட்டை இன் பண்ணிய ஒருவரைப் பார்த்து, "அண்ணே! தோ, தங்கச்சி இங்க கீறேன்!" என்று கத்துவார். அந்த ஆள் காது கேட்காதவர் மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். அத்தை விடமாட்டார். இன்னும் உரக்கக் கூப்பிடுவார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். என்னோடு படித்த கீழ்நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒருநாள் அதே பஸ்ஸில் இருந்தார்கள். நான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்குவது போல் நடித்தேன். அத்தை என் தோளைத் தட்டி எழுப்பி, "அண்ணனுக்கு வணக்கம் சொல்லுடி கண்ணு" என்றார்.

படிப்பு முடிந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அப்பா பொறுத்துப் பார்த்தார். புளி அடித்து முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வண்டி வரும், அதில் உன்னை ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து சொன்ன கதைகளைக் கேட்டிருந்ததால் எனக்குப் பயமாக இருந்தது. படித்த படிப்புக்கு ஏதாவது ஒரு நாற்காலி, எங்கேயாவது ஒரு கணக்கு வேலை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அத்தை, "வண்டி வரட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் கலசப்பாக்கம் புளி மண்டிக்காரரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மலையிலிருந்து போகிற புளியில் பெரும்பகுதியை வாங்குகிறவர் அவர். அத்தை வருடக்கணக்காக அவருக்கு மூட்டை போடுகிறார். அண்ணன் என்று முறை வைத்ததும் முதல் மூட்டை போட்ட அன்றிலிருந்துதான். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. பூ விழுகிற, மேளம் வாசிக்கிற வீடியோ. போனில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே தட்டில் தட்டிவிட்டது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அத்தை அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணன் கூப்புட்டுட்டாரு. அத்த சீரு வெக்கணுமே" என்றார்.

"அத்தே, அது எல்லாருக்கும் அனுப்பறது. நம்மள தனியா கூப்புடல."

"எல்லாருக்கும் அனுப்புனா எனக்கும்தானே அனுப்பிச்சாரு?"

சீர் தயாரானது. தாம்பாளத்தில் ஒரு சேலை, சாமை அரிசி, தேன் பாட்டில், வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு. தனியாக ஒரு பலாப்பழம். அதைச் சுமப்பதற்கு நான். அவர் என்னைக் கூட்டிப்போவதற்கு வேறு காரணம் இருப்பதாக நான் நினைத்தேன். மண்டியில் கம்ப்யூட்டர் பில் போடுகிற பெண் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போனேன். இல்லாவிட்டால் அந்தப் பலாப்பழத்தோடு என்னைக் கலசப்பாக்கத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

மண்டபத்து வாசலில் சீர்த் தட்டுகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பட்டுச் சேலை கட்டிய பெண்கள் தூக்கிப்போனார்கள். அத்தை யாரையும் கேட்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நடுவில் புகுந்து நடந்தார். நான் பின்னால் பலாப்பழத்தோடு. வீடியோக்காரர் விளக்கை எங்கள் மேல் அடித்தார். வரிசையில் இருந்த ஓர் அம்மாள் நின்று திரும்பினார்.

"யாருங்க நீங்க? மாப்பிள்ள வூடா?"

"இல்லீங்க. பொண்ணுக்கு அத்த முறைங்க நான். அண்ணனுக்கு மலைத் தங்கச்சி."

"நான்தானே அவருக்குத் தங்கச்சி? எனக்குத் தெரியாம எங்கப்பா எப்ப மலைக்குப் போனாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தைக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். மேடையில் மண்டிக்காரர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, நம்ம புளியம்மா!" என்றார். தட்டை வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார். யாரோ எங்களைப் பந்திக்குப் பின்பக்கம், மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே எல்லோருக்கும் அத்தையைத் தெரிந்திருந்தது. "வாக்கா, குந்துக்கா" என்று இலையை நகர்த்தினார்கள். போனில் தம்பி மூட்டை என்று இருந்தவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலையைப் பற்றி அத்தை வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன்.

"இவ்ளோ அசிங்கப்பட்டும் கேக்கலியே. அப்புறம் எதுக்கு என்னை இட்டுகினு வந்த?"

"சீரு வெக்கத்தான். தட்டு வெச்ச கையாலயே வேலை கேட்டா அது தட்டு ஆவுமா? லஞ்சம்னு நெனைப்பாரு."

"அவங்க சிரிச்சது உனக்குத் தெரிலியா?"

அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மண்டபத்து லட்டை எடுத்து என் கையில் வைத்தார். "தெரிஞ்சுது" என்றார். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அவங்களுக்கு நான் ஒண்ணும் மொறை வெக்கலியே."

திருப்பூர் வண்டி வருவதற்குச் சில நாட்கள் முன்னால் தம்பி மூட்டையிடமிருந்து போன் வந்தது. பில் போடுகிற பெண் நின்றுவிட்டாள், முதலாளி ஆள் தேடுகிறார், வேறு யாருக்கும் சொல்லவில்லை, சீக்கிரம் வாங்கக்கா என்றார். அந்தப் பந்தியில் அத்தை எதையும் கேட்காமலேயே என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை முதல் ஜீப்பில் இறங்கினோம். அத்தை எனக்குப் பூ வாங்கி வைத்துவிட்டார். மண்டி வாசலில் என் துப்பட்டாவைச் சரிசெய்தார்.

மண்டிக்காரர் என் மார்க் சீட்டைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு பில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிட்றேன். சரக்கு போடறவங்களோட சொந்தக்காரங்கள எடையிலயும் பில்லுலயும் நான் வெக்கறதில்ல. முன்ன ஒரு பையன வெச்சு நல்லாப் பட்டுட்டேன். ஏம்மா, இந்தப் பொண்ணு உனக்கு இன்னா வேணும்?"

நான் அத்தையைப் பார்த்தேன். டவர்க்காரரை அண்ணன் என்று சொல்ல ஒரு நொடிகூட யோசிக்காத மனுஷி அவர். அன்றைக்குத்தான் அவர் வாய் திணறியதைப் பார்த்தேன். பார்வை என் மேல் வந்து, மேசை மேல் இருந்த எடைச்சீட்டுக் கட்டுக்குப் போய், அங்கேயே நின்றது.

"ஒண்ணும் வேணாங்க" என்றார். "எங்க ஊருப் பொண்ணு. வழி தெரியாதேன்னு இட்டாந்தேன். அவ்ளோதான்."

மண்டிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே அச்சுல வார்த்த மாதிரி கீதே?"

"மலைக்காரங்க எல்லாருக்கும் ஒரே மூக்குதானேங்க அண்ணே" என்று அத்தை சிரித்தார்.

அவரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். கல்யாண மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை அதை அத்தையே எடுத்துக் கொடுத்தார், என் நாற்காலிக்காக. எனக்கு வாய் இருந்தது. இவர் என் அப்பாவோடு பிறந்தவர், எடையில் ஒரு கிராம் கூடக் குறைய வராது, நம்பினால் வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை வந்துடும்மா என்று அவர் சொன்னபோது சரிங்க சார் என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பணிவு என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

வெளியே வந்ததும் அத்தை டீக்கடையில் எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "ஒம் பொண்ணு திருப்பூரு போவ வேணாம்" என்று மட்டும் சொன்னார். மண்டியில் என்ன சொன்னார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரவு வழக்கம்போல என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார்.

இப்போது நான் வேலூரில் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை. ஊருக்குப் போனால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேலூரில் யார் யாருக்கு முறை வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். ஆபீஸில் அப்படியெல்லாம் கூப்பிடமாட்டார்கள் அத்தே என்கிறேன். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. அவரோடு பேசும்போதெல்லாம் எனக்கு மண்டியில் சேர்ந்த முதல் வாரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பிறகு நான் சரியாகப் பேசுவதில்லை.

அந்த வாரம் அத்தை புளி கொண்டுவந்தார். மண்டியில் கூட்டம். வரிசையில் அடுத்த ஆளின் முறை வந்து நான் தலையை நிமிர்த்தினால், எதிரில் அத்தை. மலையிலிருந்து நின்றுகொண்டே வந்திருப்பார் போல, முகமெல்லாம் புழுதி. நான் ஊரை விட்டு வந்து நாலைந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. இருந்தும் என்னை மீறி வாய் திறந்துவிட்டது.

"அத்தே!"

உள்ளே மண்டிக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

அத்தை சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எவரோ ஒருத்தியைத் தேடுகிறவர் மாதிரி வாசல் வரைக்கும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரக் கூப்புட்றீங்க மேடம்? ஒங்க அத்த வந்திருந்தாங்கன்னா அவங்களையே மொதல்ல பாருங்க. நான் இருக்கேன்" என்றார்.

மண்டிக்காரர் போனுக்குத் திரும்பினார். "இல்லீங்க, யாரும் வரல" என்றேன். அத்தை குனிந்து, மூட்டையைத் தானே இழுத்துத் தராசில் வைத்தார்.